வெள்ளைச் சட்டைக்கு எவ்வளவு வெளிச்சம்

உண்மையை முதலிலேயே ஒத்துக்கொண்டுவிடுகிறேன். அந்த லென்ஸைக் கீழே தள்ளியது என் முழங்கைதான். போட்டோ ஸ்டுடியோ மேசையில் ஒரு பக்கம் கேமராவும் கழற்றி வைத்த லென்ஸும், இன்னொரு பக்கம் டீ டம்ளர், நடுவில் நான் சாய்ந்துகொண்டு ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தேன். பேச்சு சூடுபிடித்தால் என் கை சும்மா இருக்காது. சிமெண்டுத் தரையில் விழுந்த லென்ஸுக்குக் கண்ணாடி உடையவில்லை. உள்ளே இருந்த மோட்டார்தான் போய்விட்டது. கேமராவில் மாட்டிப் பட்டனை அழுத்தினால் கொசு முனகுகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது, அவ்வளவுதான்.

அன்று புதன்கிழமை. வெள்ளிக்கிழமை காலை பள்ளிக்கூடத்தில் குரூப் போட்டோ எடுக்க வேண்டும். பதினோரு வகுப்பு, முந்நூற்றுச் சொச்சம் பிள்ளைகள்.

நான் பக்கத்துக் கடை. ஜெராக்ஸ், லேமினேஷன், பைண்டிங். எனக்கும் ஸ்டுடியோவுக்கும் நடுவில் ஒரு பலகைதான் சுவர். ஸ்டுடியோவை நடத்துகிறவள் நாற்பதைத் தாண்டிய ஒரு பெண். கடை திறந்த முதல் நாளே என்னை அண்ணே என்று கூப்பிட்டாள், அதோடு அவள் எனக்குத் தங்கச்சி ஆகிவிட்டாள். அவள் புருஷன் பஸ் கண்டக்டர். பத்துப் பைசா சொந்தம் இல்லாமலே நான் அவனுக்கு மச்சான், அவன் எனக்கு மாப்பிள்ளை. அந்த முறையை வைத்துக்கொண்டு நாங்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் கிண்டல் பண்ணாத நாள் கிடையாது.

லென்ஸ் விழுந்ததும் தங்கச்சி என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் தேவலை. ஸ்டூலில் உட்கார்ந்து செத்த லென்ஸை மடியில் வைத்து முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"ரிப்பேருக்குக் குடுத்துடலாம்மா. செலவு என்னோடது" என்றேன்.

"போன் பண்ணிட்டேண்ணே. பத்து நாள் ஆகுமாம்."

"யார்கிட்டயாவது இரவல்?"

"இந்த லென்ஸ் இங்க இன்னொருத்தர்கிட்டதான் இருக்கு. மெயின் ரோட்டு ஸ்டுடியோக்காரர். நான் எப்ப விழுவேன், ஸ்கூலை எப்ப தூக்கலாம்னு காத்துக்கிட்டு இருக்கார். அவர்கிட்ட போய் கேக்கச் சொல்றீங்களா?"

போன வருஷத்துக் கதை எனக்குத் தெரியும். தங்கச்சி கேமராவை ஆட்டோ மோடில் போட்டு எல்லா வகுப்பையும் எடுத்தாள். பிள்ளைகள் எல்லாருக்கும் வெள்ளைச் சட்டை. இவ்வளவு வெள்ளையைப் பார்த்ததும் கேமரா ஏகப்பட்ட வெளிச்சம் என்று தானாக முடிவுகட்டி, எல்லாப் படத்தையும் மங்கலாக்கிவிட்டது. சட்டை சாம்பல் நிறம், முகம் கரி. கம்ப்யூட்டரில் முகத்தை மட்டும் கொஞ்சம் வெளிச்சமாக்கிவிடலாம் என்று பார்ப்பதற்குள் அவசரப்பட்டு பிரிண்ட் போட்டுக் கொடுத்தும் ஆயிற்று. பெற்றோர்கள் படத்தை எடுத்துக்கொண்டு போய்ப் பள்ளிக்கூடத் தலைமை ஆசிரியையான பெரிய டீச்சர் மேசையில் வைத்தார்கள். பெரிய டீச்சர் தங்கச்சியைக் கூப்பிட்டு, "இன்னொரு தடவை இப்படி இருட்டா வந்தா நான் வேற ஆளைப் பார்த்துக்குவேன்" என்று சொன்னார். அவர் சொன்னால் சொன்னதுதான்.

"இந்த ஸ்கூலும் போச்சுன்னா கடைய மூடிடுவேண்ணே" என்றாள் தங்கச்சி. "பாஸ்போர்ட் போட்டோவை வச்சு வாடகை கட்ட முடியாது. எங்க பெரியண்ணன் கம்பெனில பாக்கிங்குக்கு ஆள் கேக்கறாங்க. போயிடுவேன்."

அவள் சாதாரணமாகச் சொன்னாள். பலகைக்கு அந்தப் பக்கம் அவள் இல்லாமல் நான் யாரோடு டீ குடிப்பது? அதுவும் என் முழங்கையால் போயிற்று என்றால் அந்தப் பாவத்தை நான் எங்கே போய்க் கழுவுவேன்?

சாயங்காலம் டூட்டி முடிந்து மாப்பிள்ளை வந்தான். விஷயத்தைச் சொன்னோம். பையைக் கழற்றி ஆணியில் மாட்டினான். கண்டக்டர் காக்கிக் கோட்டைக் கழற்றவில்லை. நேராகப் பின்பக்க அறைக்குப் போய் ஒரு பிஸ்கட் டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

அந்த டப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாப்பிள்ளைக்குக் குடி இல்லை, சீட்டாட்டம் இல்லை. ஞாயிற்றுக்கிழமைப் பழைய சாமான் சந்தையில் லென்ஸ் வாங்குவதுதான் ஒரே கெட்ட பழக்கம். எல்லாம் ஃபிலிம் கேமரா காலத்தவை, இரும்பும் கண்ணாடியும். ஒன்பது வைத்திருந்தான். வாரம் ஒருமுறை எல்லாவற்றையும் துடைத்து, வளையத்தைத் திருகி, காதில் வைத்துக் கேட்டு, திரும்பப் பஞ்சில் சுற்றி வைப்பான். ஒரு லென்ஸைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுவான். ஆனால் அவன் எடுத்த படத்தில் இதுவரை யாருக்கும் முழுத் தலை இருந்ததில்லை.

"ஐம்பது எம்எம்" என்று ஒன்றை எடுத்து நீட்டினான். "இதுல மோட்டாரும் கிடையாது, ஒயரும் கிடையாது. மச்சான் மேல விழுந்தாக்கூட மச்சானுக்குத்தான் சேதம்."

"உங்க ஓட்டை உடைசலை வச்சுக்கிட்டு நான் முந்நூறு பிள்ளைங்களை எடுக்கணுமாங்க?" என்றாள் தங்கச்சி.

"ஓட்டைன்னு சொல்லாத. கண்ணாடியைப் பாரு. இதை உன் கேமராவுல மாட்டறதுக்கு நடுவுல போடற அடாப்டர்கூட வாங்கி வச்சிருக்கேன்."

"எப்ப வாங்குனீங்க?"

"அது... போன மாசம்."

"கேஸ் தீந்துபோச்சு, கையில காசில்லன்னு சொன்னீங்களே, அந்த மாசமா?"

மாப்பிள்ளை என்னைப் பார்த்தான். நான் கூரையைப் பார்த்தேன்.

மாட்டிப் பார்த்ததும் கேமராவின் திரையில் 'லென்ஸ் இல்லை' என்று வந்தது. இத்தனை பெரிய இரும்பு அதன் மூக்கிலேயே தொங்குகிறது, இல்லை என்று சாதித்தது. தங்கச்சிக்கு அந்தக் கவலையிலும் சிரிப்பு வந்துவிட்டது. மெனுவுக்குள் நோண்டி, லென்ஸ் இல்லாவிட்டாலும் படம் எடு என்று ஒரு இடத்தில் சொல்லிக்கொடுத்தாள். அதற்குப் பிறகு கேமரா வாயை மூடிக்கொண்டது.

மறுநாள் காலை மாப்பிள்ளை லீவு போட்டான். மூன்று பேரும் மாடிக்குப் போனோம். பள்ளிக்கூடத்தில் படம் எடுக்கும் அதே ஒன்பது மணி வெயில். மேகம் நடுநடுவே வந்து போனது, காற்று வேறு. என்னிடம் இருந்த ஒரே வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு வரச் சொன்னாள். குற்றவாளி நான், எனவே பிள்ளைகளாகவும் நானே நின்றேன்.

"அண்ணே, அசையாம நில்லுங்க."

"நான் எங்கம்மா அசையறேன். காத்து அசைக்குது."

"தொப்பை அசையுது மச்சான்" என்றான் மாப்பிள்ளை.

பழைய லென்ஸில் வேலை இப்படி. அதன் கழுத்தில் எண்கள் போட்ட ஒரு வளையம் இருக்கிறது. இரண்டு புள்ளி எட்டில் வைத்தால் லென்ஸின் கண் முழுக்கத் திறந்துகொள்ளும். வெளிச்சம் கொட்டும், முகம் தெளிவாக இருக்கிறதா என்று பார்த்துத் திருக வசதி. ஆனால் அப்படியே எடுத்துவிடக் கூடாது. எட்டுக்குத் திருப்பிக் கண்ணை இடுக்கிவிட்டுத்தான் பட்டனைத் தட்ட வேண்டும். அப்போதுதான் முன்வரிசை, பின்வரிசை எல்லாம் சேர்ந்து தெளிவாக விழும், வெளிச்சமும் அளவாக இருக்கும். புது லென்ஸ் இதையெல்லாம் தானே செய்துகொள்ளும். இது செய்யாது. திறக்க வேண்டும், பார்க்க வேண்டும், மூட வேண்டும், தட்ட வேண்டும். எவ்வளவு வெளிச்சம் என்பதையும் எடுக்கிறவர்தான் முடிவுபண்ண வேண்டும்.

முதல் படத்தை எடுத்துவிட்டுத் திரையைப் பார்த்தாள். "இருட்டா இருக்கு" என்று வெளிச்சத்தைக் கூட்டினாள். இன்னொன்று எடுத்தாள். அதுவும் இருட்டு என்று மேலும் கூட்டினாள். மூன்றாவது படம் பிரமாதம் என்று மூன்று பேரும் ஒத்துக்கொண்டோம். டீ குடிக்கக் கீழே அறைக்குள் வந்து பார்த்தால் படத்தில் நான் இல்லை. சுண்ணாம்பு அடித்த ஒரு சுவரில் இரண்டு கண் மட்டும் இருந்தது.

"மாடியில பார்த்தா இருட்டு, ரூம்ல பார்த்தா சுண்ணாம்பு" என்றான் மாப்பிள்ளை. "எதைத்தான் நம்பறது?"

தங்கச்சி ரொட்டியை டீயில் நனைத்தபடி யோசித்தாள். பிறகு திரையில் வேறு ஏதோ வரவழைத்தாள். படத்துக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு மலை மாதிரி கோடு.

"இதை நம்பணும். வெயில்ல திரையே தெரியாது, அதனால எல்லாம் இருட்டாத்தான் தோணும். இந்த மலை பொய் சொல்லாது. இந்தப் பக்கம் இருட்டு, அந்தப் பக்கம் வெள்ளை. மலை போய் அந்தப் பக்கச் சுவத்துல முட்டுச்சுன்னா வெள்ளை செத்துப்போச்சுன்னு அர்த்தம்."

"செத்தா அப்புறம் கம்ப்யூட்டர்ல சரி பண்ண முடியாதா?" என்றேன்.

"இருட்டா விழுந்த முகத்தைக் கொஞ்சம் இழுத்துக்கலாம்ணே. வெள்ளையாப் போன சட்டையில ஒண்ணுமே இருக்காது. ஒண்ணும் இல்லாததுல எதை இழுக்கறது?"

மறுபடி மாடி. என்னை வெயிலில் நிற்கவைத்து நாற்பது படம் எடுத்தாள். மலை சுவரை முட்டாமல் ஒரு விரல் தள்ளி நிற்கும் இடத்தைக் கடைசியில் கண்டுபிடித்தாள். வளையம் எட்டு, கேமரா திறந்து மூடுகிற வேகம் நானூறு. மேகம் வந்தால் இன்னும் கொஞ்சம் வெளிச்சம் உள்ளே வர வேகத்தை இருநூறாக்க வேண்டும். இதைக் கையில் பேனாவால் எழுதிக்கொண்டாள். நாற்பதில் ஏழு படத்தில் வளையத்தை மூட மறந்திருந்தாள். ஏழிலும் நான் சுண்ணாம்பு.

"நாளைக்கு ஏழு மறந்தா நான் செத்தேன்" என்றாள்.

"நான் எதுக்கு இருக்கேன்?" என்றான் மாப்பிள்ளை. "நீ மூடினதும் நான் வளையத்தைப் பார்க்கறேன். எட்டுல நின்னா ரைட்னு சொல்றேன். நான் ரைட் சொல்லாம நீ தட்டாத. இருபது வருஷமா நான் ரைட் சொல்லாம வண்டி நகர்ந்ததே இல்ல."

வெள்ளிக்கிழமை மாப்பிள்ளை கண்டக்டர் கோட்டையே போட்டுக்கொண்டு வந்தான். ஒரு கெத்துக்காக என்றான். பள்ளிக்கூடத்தின் முன்படிகளில் பிள்ளைகளை நிறுத்தினார்கள். வெயில் படிகள் மேல் நேராக விழுந்தது, முகப்புக் கூரையின் நிழல் இடது ஓரத்தில் மட்டும் ஓர் ஆள் நிற்கிற அளவுக்குக் கிடந்தது. அந்த நிழலில்தான் பெரிய டீச்சர் நின்றார். ஒவ்வொரு வகுப்போடும் அவர் நிற்க வேண்டும், வெயில் பட்டால் அவருக்குத் தலைவலி.

"டீச்சர், கொஞ்சம் வெயிலுக்கு வந்தீங்கன்னா முகம் தெரியும்" என்றாள் தங்கச்சி.

"நான் எப்படி விழுந்தா என்ன? பசங்க விழணும்" என்றார் பெரிய டீச்சர். அவர் முகத்தில் சிரிப்பு என்ற ஒன்றை யாரும் பார்த்ததாகத் தகவல் இல்லை.

பெஞ்சு தூக்குவது என் வேலை. சின்னப் பிள்ளைகள் வகுப்பு என்றால் ஏறி நிற்க இரண்டு பெஞ்சு, பெரிய வகுப்பு என்றால் ஒன்று. தங்கச்சி திறந்தாள், பார்த்தாள், மூடினாள். மாப்பிள்ளை குனிந்து வளையத்தைப் பார்த்து, "ரைட்!" என்றான். அந்தக் குரல் பஸ்ஸின் கடைசி சீட்டு வரை கேட்கிற குரல். பிள்ளைகள் சிரிப்பை அடக்கப் பெரும் பாடு பட்டார்கள். நாலு வகுப்பு நன்றாகப் போயிற்று. அப்போது பெரிய டீச்சர் படியிறங்கி வந்தார்.

"காட்டும்மா."

தங்கச்சி கேமராவை நீட்டினாள். வெயிலில் திரை கரும்பலகை மாதிரி இருந்தது.

"என்ன இது? போன வருஷத்தைவிட இருட்டு."

"இல்ல டீச்சர், வெயில்ல பார்க்கறதால அப்படித் தெரியுது. மலையைப் பாருங்க..."

"எனக்கு மலையும் வேண்டாம், காடும் வேண்டாம். வெளிச்சத்தைக் கூட்டு."

கூட்டித் தொலையேன், அவங்க சொல்றபடி செஞ்சுட்டுப் போயேன் என்று மனதுக்குள் கெஞ்சினேன். தங்கச்சி முடியாது என்று தலையை ஆட்டினாள்.

"கூட்டினா சட்டைதான் வரும் டீச்சர், பையன் வரமாட்டான். உங்களுக்குப் பிடிக்காட்டி நான் இப்பவே போயிடறேன். ஆனா தெரிஞ்சே தப்பா எடுக்க மாட்டேன்."

பெரிய டீச்சர் அவளை மேலும் கீழும் பார்த்தார். அந்தப் படிக்கட்டில் அவரை யாரும் மறுத்துப் பேசியிருக்க மாட்டார்கள். அந்த நேரத்தில் மாப்பிள்ளைக்கு எங்கிருந்தோ புத்தி வந்தது. கோட்டைக் கழற்றினான். "டீச்சர், தப்பா நினைக்காதீங்க, ஒரு நிமிஷம் இதுக்குள்ள பாருங்க" என்று இரண்டு பெண்கள் தலையையும் கேமராவையும் சேர்த்துக் கோட்டால் மூடிவிட்டான்.

கோட்டுக்குள்ளிருந்து பேச்சு மட்டும் கேட்டது.

"என்னம்மா, ஒரே டீசல் நாத்தம்."

"பஸ்ஸு டீச்சர். இப்பப் பாருங்க."

"ஆமா... வெளிச்சமாத்தான் இருக்கு. அந்தக் கடைசி வரிசைக்காரன் நாக்கை நீட்டறானா?"

"ஆமா டீச்சர்."

"அவனை நான் பார்த்துக்கறேன். பட்டன் காதுல குத்துது, கழட்டச் சொல்லு."

கோட்டுக்குள் இரண்டு தலை, வெளியே இரண்டு சேலை. படியில் அடுத்த வகுப்பு வந்து நின்றிருந்தது. அடக்கிவைத்திருந்த சிரிப்பு மொத்தமும் ஒரே நேரத்தில் வெடித்தது. மாப்பிள்ளை கோட்டை உருவினான். பெரிய டீச்சரின் கொண்டை அவிழ்ந்து ஒரு பக்கமாகத் தொங்கியது, மூக்குக் கண்ணாடி நெற்றிக்கு ஏறியிருந்தது. "என்ன சிரிப்பு?" என்று அதட்டிக்கொண்டே அவர் தன் நிழலுக்குப் போய் நின்றார். போய் நின்ற பிறகு அவருக்கே தாங்கவில்லை. வாய்விட்டுச் சிரித்துவிட்டார். மாப்பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டான். தங்கச்சி சட்டென்று வளையத்தைத் திறந்து, பார்த்து, தட்டினாள்.

தட்டிய பிறகுதான் ரைட் என்ற குரல் வரவில்லை என்பது அவளுக்கு உறைத்தது. வளையம் இரண்டு புள்ளி எட்டிலேயே நின்றிருந்தது. கோட்டைத் தலைமேல் இழுத்துக்கொண்டு திரையைப் பார்த்தாள். மலை சுவரில் முட்டி நின்றது.

"போச்சுங்க" என்றாள். "இன்னைக்கு எடுத்ததுலயே நல்ல படம் அதுதான். போச்சு."

"மறுபடி சிரிக்கச் சொல்லலாமா?" என்றான் மாப்பிள்ளை.

"சொல்லிச் சிரிச்சா அது சிரிப்பா?"

பிள்ளைகளை அதட்டி அமைதியாக்கி, அதே வகுப்பை மறுபடி எடுத்தாள். வளையம் எட்டு, வேகம் நானூறு, ரைட். எல்லா முகமும் பரீட்சை எழுதுகிற முகமாக இருந்தது. அதற்குப் பிறகு ஆறு வகுப்பு, இரண்டு தடவை மேகம். ஒரு தப்பும் நடக்கவில்லை.

பிரிண்ட் போடுவதற்கு முன்னால் நானே வந்து பார்ப்பேன் என்று பெரிய டீச்சர் சொல்லியிருந்தார். திங்கட்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் வந்தார். தங்கச்சி கடையைக் காலையிலிருந்து மூன்று தடவை பெருக்கியிருந்தாள். நான் என் மிஷினை நிறுத்திவிட்டுப் பலகை ஓரமாக நின்றுகொண்டேன். மாப்பிள்ளை கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஒவ்வொரு படமாகத் தள்ளினான்.

முதல் படம். பெரிய டீச்சர் திரைக்குக் கிட்டே குனிந்தார். வெள்ளைச் சட்டைகள் வெள்ளையாக இருந்தன. பையில் குத்திய பேனாகூடத் தெரிந்தது. ஒவ்வொரு முகமும் அதனதன் நிறத்தில் இருந்தது. அவர் "அடுத்தது" என்றார். அடுத்ததற்கும் அதே ஒரு சொல்தான். தங்கச்சி முந்தானை நுனியை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

ஐந்தாவதாக வந்தது அந்தப் படம். மாப்பிள்ளை அழிக்காமல் வைத்திருந்தான். பழைய சாமான் சேர்க்கிறவன் எதைத்தான் அழித்திருக்கிறான்?

"ஐயோ, அது இல்லங்க! தள்ளுங்க!" என்று தங்கச்சி பதறினாள். "டீச்சர், அது தப்பா விழுந்த படம். வளையத்தை மூட மறந்துட்டேன். இதே வகுப்புக்கு நல்ல படம் அடுத்து இருக்கு. என் தப்புதான் டீச்சர்."

"இரு" என்றார் பெரிய டீச்சர்.

படிகள் முழுக்க ஒரே வெள்ளை. முப்பது பிள்ளைகளும் வெயிலோடு கரைந்துபோயிருந்தார்கள், அங்கங்கே தலைமுடி மட்டும் மிச்சம். ஆனால் வளையம் திறந்து அதிகமாக விழுந்த வெளிச்சம் இடது ஓரத்து நிழலுக்கு மட்டும் கச்சிதமாகப் பொருந்திவிட்டது. அந்த நிழலில் கொண்டை அவிழ்ந்த ஒரு அம்மாள், கண்ணாடி நெற்றியில் ஏறியிருக்க, பல் அத்தனையும் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார். சேலைக் கரை நூல் நூலாகத் தெரிந்தது. சிரிப்பில் கண்ணோரம் கசிந்த தண்ணீர்கூடத் தெரிந்தது.

பெரிய டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

"இது நானா?"

மாப்பிள்ளை அந்த ஓரத்தை மட்டும் பெரிதாக்கிக் காட்டினான்.

"முப்பது வருஷமா இந்த ஓரத்துல நிக்கறேன். ஒரு படத்துலயும் என் மூஞ்சி விழுந்ததில்ல. கறுப்பா ஒரு உருவம் நிக்கும். அதுதான் நான்னு பசங்க வீட்ல காட்டுவாங்க." நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். "நான் இவ்வளவு பெரிசா சிரிப்பேனா?"

"நேர்ல இன்னும் பெரிசு டீச்சர்" என்றான் மாப்பிள்ளை. தங்கச்சி அவன் காலை மிதித்தாள்.

மிச்சப் படங்களை அவர் வேகமாகப் பார்த்தார், எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினார். எழுந்துகொள்ளும்போது, "எல்லாம் நல்லா இருக்கு, பிரிண்ட் போட்டுடு. அந்தப் படம் எனக்கு வேணும். பெரிசா" என்றார்.

தங்கச்சிக்குப் பொய் ஒட்டாது. "டீச்சர், அது தெரியாம விழுந்தது. நான் எடுத்ததுன்னு சொல்லிக்கக்கூட முடியாது" என்றாள்.

பெரிய டீச்சர் வாசலில் குனிந்து செருப்பை மாட்டினார். "தெரியாம எடுத்ததே இப்படின்னா, அடுத்த வருஷம் தெரிஞ்சே ஒண்ணு எடும்மா" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

அவர் தெருமுனை திரும்புகிறவரை தங்கச்சி நின்ற இடத்திலேயே நின்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, "அண்ணே, அடுத்த வருஷம்னா சொன்னாங்க?" என்று கேட்டாள்.

"அடுத்த வருஷம்னுதாம்மா சொன்னாங்க" என்றேன்.

பாஸ்போர்ட் போட்டோவுக்கு ஆள் உட்காரும் ஸ்டூலில் அவள் பொத்தென்று உட்கார்ந்து, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், கொஞ்சம் அழவும் செய்தாள்.